தனுஷ்கோடியின் மேல் இல்லாத வண்ணம் பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்திலும் வாசகர் படங்கள் பகுதியிலும் தனுஷ்கோடி, பாம்பன், அரியமான், ஏர்வாடி என்று எங்கள் கடற்கரை அடிக்கடி இடம்பெறுகிறது. அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அண்மைக்காலமாக வரும் படங்கள் பலவற்றை மனம் ஏற்க மறுக்கிறது. கடல் சாயப்பட்டறைத் தண்ணீர் போல இருக்கிறது. வெண்மேகம் கறுத்துக் கிடக்கிறது. இடிந்த தேவாலயச் சுவரைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறது. இந்த மண்ணில் பிறந்தவர்களே படத்தின் கீழே ஊர்ப் பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எச்.டி.ஆர். என்ற நல்ல முறையை அளவு மீறிப் பயன்படுத்துவதால் வரும் கோளாறு இது. எப்படி எடுத்தால், எப்படி இணைத்தால், எங்கே நிறுத்தினால் படம் படமாக இருக்கும் என்பதை, இக்கடற்கரையில் தொடர்ந்து படம் எடுப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம். சற்று நீண்ட கடிதம். இடம் தந்து வெளியிட வேண்டுகிறோம்.

எச்.டி.ஆர். என்பது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் சில படங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த பகுதியைச் சேர்த்து ஒரே படமாக்குவது. இது கணினி வந்த பிறகு தோன்றிய ஆசை அல்ல. 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். கடற்கரையைப் படம் எடுப்பவர்களுக்கு அன்றிலிருந்தே இதே தலைவலி. வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது வெளிச்ச அளவில், எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவைக் கணக்கிடும் முறையை 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்டனர். 2010-க்குப் பிறகு அது கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. வந்ததோடு அளவும் போய்விட்டது.

இந்த முறை தேவைதானா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இதுதான். கேமராவை ஸ்பாட் மீட்டரிங்கில், அதாவது ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறையில், வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துவார அளவு) எஃப்8 என்று நிறுத்திக்கொள்ளுங்கள். விவரம் தெரிய வேண்டிய மிக வெளிச்சமான இடத்தை அளந்து ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விவரம் தெரிய வேண்டிய மிக இருட்டான இடத்தை அளக்க வேண்டும். தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் காலை ஒன்பது மணிக்கு மேகம் 1/2000 விநாடி, சுவரின் நிழல் பக்கம் 1/60 விநாடி என்று வந்தால் வித்தியாசம் ஐந்து ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது. அந்தக் கட்டடத்துக்குக் கூரை கிடையாது, தரையெல்லாம் மணல். வெயில் மணலில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்துக்கும் வெளிச்சம் கொடுத்துவிடுகிறது. ஐந்து ஸ்டாப்புக்கு எச்.டி.ஆர். வேண்டவே வேண்டாம். இப்போதைய கேமராக்களில் ரா ஃபைலாக, அதாவது சென்சாரில் விழுந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பாக, ஒரே படம் போதும். மேகம் வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து எடுத்து, நிழலைப் பிறகு இரண்டு ஸ்டாப் தூக்கினால் காரியம் முடிந்தது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. தூக்கினாலும் ரா தாங்குவதற்குக் காரணம் இதுதான்.

அதே தனுஷ்கோடியில் ஓலைக் குடிசைக்குள் நின்று, வாசல் வழியாகத் தெரியும் கடலையும் உள்ளே மடித்து வைத்த வலையையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றால் கதை வேறு. வெளியே 1/2000, உள்ளே 1/4. வித்தியாசம் ஒன்பது ஸ்டாப். இங்கே எச்.டி.ஆர். நியாயமான தேவை. 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4 என்று இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள் எடுக்கலாம். 1/1000-இல் வெளியே இருக்கும் மேகம் விவரத்தோடு நிற்கும். 1/4-இல் வலையின் முடிச்சு வரை தெளிவாக விழும். ஒரு ஸ்டாப் இடைவெளியில் ஏழு படங்கள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது எட்டும் தூரத்தை இரண்டு ஸ்டாப் இடைவெளியில் நான்கே படங்கள் எட்டிவிடும். படங்களின் எண்ணிக்கை கூடக் கூட, இடையில் ஏதாவது அசைவதும் கூடும்.

படங்களுக்கிடையே மாற வேண்டியது ஷட்டர் வேகம் ஒன்றுதான். அப்பர்ச்சர் மாறினால் தெளிவாகத் தெரியும் ஆழம் மாறி, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆட்டோ ஐஎஸ்ஓவை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கேமரா ஷட்டருக்குப் பதிலாக ஐஎஸ்ஓவை ஏற்றி, நிழலில் புள்ளிகளை வாரி இறைத்துவிடும். ஃபோகஸை ஒருமுறை பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பகல் வெளிச்சத்துக்கு 5,200 முதல் 5,500 கெல்வின் வரை ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். எடுத்து முடித்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள்: மிக இருண்ட படத்தில் அது வலது விளிம்பை முட்டக் கூடாது; மிக வெளிச்சமான படத்தில் இடது விளிம்பிலிருந்து நன்றாக விலகி நிற்க வேண்டும். வெளிச்சமான படம் போதாமல் போனால், நிழலைத் தூக்கும்போது சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி கிளம்பும். எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது.

எங்கள் கடற்கரைக்கென்று சில தொல்லைகள் உண்டு. ட்ரைபாட் கால்களை மணலில் வெறுமனே வைத்தால் ஐந்து படங்கள் எடுத்து முடிப்பதற்குள் ஒரு கால் இறங்கிவிடும். ஒவ்வொரு காலையும் ஈர மணல் வரை அழுத்தி இறக்கி, சிறிது பொறுத்துப் பிறகு சட்டகத்தைச் சரிசெய்ய வேண்டும். அலை வந்து போகும் ஓரத்தில் வைத்தால் ஒவ்வோர் அலையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். இரண்டடி மேலே தள்ளி வைப்பது நல்லது. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ட்ரைபாடில் பையைத் தொங்கவிட்டால் பை ஆடி, ட்ரைபாடையும் ஆட்டும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரிமோட்டோ இரண்டு விநாடி டைமரோ வைத்து எடுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று ரயில் பாலத்தை எடுப்பவர்கள் அதிகம். பேருந்தோ லாரியோ கடக்கும்போது பாலத்தின் தளமே அதிர்கிறது. இரும்புச் சட்டங்கள் நிறைந்த காட்சியில் அந்த அதிர்வு எல்லாக் கோடுகளையும் இரட்டையாக்கிவிடும். போக்குவரத்துக்கும் இடைஞ்சல். பாம்பன் கரையிலிருந்தோ குந்துகால் பக்கத்திலிருந்தோ எடுப்பதே சரி.

இன்னொன்று உப்பு. கடற்காற்றில் அரை மணி நேரம் நின்றால் லென்ஸின் முன் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படம் சோகை பிடித்துப்போகும். படம் எடுத்தவர் அதைப் பனிமூட்டம் என்று நினைத்து, மென்பொருளில் மூட்டத்தை நீக்கும் டீஹேஸையும் விவரத்தைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டியையும் கடைசி வரை தள்ளுகிறார். உடனே வானம் திட்டுத்திட்டாகிறது, சென்சாரில் இருந்த தூசியெல்லாம் கரும்புள்ளியாக எழும்புகிறது, ஓரங்களில் வெள்ளைக் கோடு விழுகிறது. நாங்கள் பார்த்த கெட்டுப்போன படங்கள் பலவற்றின் மூலக் காரணம் இந்தப் படலம்தான். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி எடுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் இலேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்பு இழுபட்டுப் பரவுமே தவிரப் போகாது.

இணைக்கும்போது பெரிய சிக்கல் அசைவு. அலை, நங்கூரமிட்ட வள்ளம், படகில் கட்டிய கொடி, பனையோலை, பறவை இவை எல்லாம் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அப்படியே சேர்த்தால் நுரை சாம்பல் நிறக் குழம்பாகிவிடும். படகுக்கு இரண்டு அணியம் (முன்பகுதி) முளைக்கும். அசைவால் வரும் இரட்டை உருவை நீக்க மென்பொருளில் இருக்கும் டீகோஸ்ட் வசதியைக் குறைந்த அளவில் வைத்துப் பாருங்கள். அதிக அளவில் வைத்தால் கடல் முழுவதையும் அசைவு என்று எடுத்துக்கொண்டு, இருண்ட படம் ஒன்றிலிருந்து திட்டுத்திட்டாக ஒட்டிவிடும். பக்கத்துப் பக்கத்தில் ஒரு துண்டு வழவழப்பாகவும் ஒரு துண்டு புள்ளியாகவும் தெரியும். கடலுக்கு நாங்கள் நம்புவது கைவேலையைத்தான். அலையின் வடிவம் நன்றாக விழுந்த ஒரே படத்திலிருந்து கடலை முழுவதுமாக எடுத்து, மாஸ்க் போட்டு (மற்றப் பகுதியை மறைத்து), இணைத்த படத்தின் மேல் வைக்க வேண்டும். பூநாரைக் கூட்டத்துக்கு எச்.டி.ஆர். பக்கமே போகாதீர்கள், ஒரே படம், வேகமான ஷட்டர்.

லைட்ரூம் மென்பொருளில் ரா ஃபைல்களை இணைத்தால் கிடைப்பது இன்னொரு ரா போன்ற கோப்பு. அதில் எக்ஸ்போஷர் தள்ளுகோல் வழக்கமான ஐந்துக்குப் பதிலாகக் கூட்டல் பத்து முதல் கழித்தல் பத்து வரை போகும். போகிறது என்பதற்காகப் போக வேண்டியதில்லை. காசு கொடுக்காமல் வேலை செய்ய டார்க்டேபிள், ஹியூகினோடு வரும் என்ஃபியூஸ் இருக்கின்றன. என்ஃபியூஸ் ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதியை நேரடியாகக் கலப்பதால் விளைவு அடக்கமாக இருக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு அதையே பரிந்துரைப்போம். எந்த மென்பொருளானாலும் லென்ஸின் நிறப்பிசிறை (ஓரங்களில் தெரியும் நிறக் கோடுகளை) முதலில் நீக்குங்கள், ஷார்ப்பன் கடைசியில். ஹைலைட்ஸ் (வெளிச்சப் பகுதி) கழித்தல் 40, ஷேடோஸ் (நிழல் பகுதி) கூட்டல் 30, கிளாரிட்டி 10-க்குள் என்று தொடங்கினால் பெரும்பாலும் அதற்கு மேல் வேண்டியிருக்காது. நிழலையும் வெளிச்சத்தையும் நெருக்கிக் கொண்டுவரும்போது நிறங்கள் தானாகவே அழுத்தமாகத் தெரியும். அதனால் சாச்சுரேஷனை, அதாவது நிற அழுத்தத்தை, கூட்டும் எண்ணமே வேண்டாம். ஐந்து பத்து குறைத்துப் பாருங்கள்.

சுவரைச் சுற்றி வரும் வெள்ளைக் கோட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டோன் மேப்பிங் (அதிக ஒளி வித்தியாசத்தை ஒரே படத்துக்குள் அடக்குவது) செய்யும் மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் வெளிச்சத்தை முடிவு செய்கிறது. நடுவானத்தில் அக்கம்பக்கம் எல்லாம் வானம், சிக்கல் இல்லை. தேவாலயச் சுவரை ஒட்டிய வானத்துக்கு அக்கம்பக்கத்தில் பாதி இருண்ட சுவர். சராசரி கீழே இறங்குகிறது. அந்த வானப் புள்ளி தன் சூழலைவிட மிக வெளிச்சம் என்று மென்பொருள் கணக்கிட்டு, அதை இன்னும் வெளுப்பாக்குகிறது. சுவரை ஒட்டி ஒளிவட்டம் விழுவது இப்படித்தான். இந்த அக்கம்பக்கத்தின் அளவான ரேடியஸ் அதிகமானால் அகலமான மங்கல் வட்டம். குறைவானால் மெல்லிய கோடும் சொரசொரப்பும். பாம்பன் ரயில் பாலத்தில் இது இன்னும் மோசம்: ஒவ்வோர் இரும்புச் சட்டமும் வானத்தின் நடுவே நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. படத்தை நூறு விழுக்காடு பெரிதாக்கி, சட்டமும் வானமும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். கோடு தெரிந்தால் விளைவின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். அப்போதும் போகவில்லையென்றால் வானத்தை இருண்ட படத்திலிருந்து மாஸ்க் வைத்து எடுங்கள்.

மேகமும் உப்பும் வெள்ளையாக இருக்க வேண்டியவை. வாலிநோக்கம் உப்பளத்தில் வெயில் படும் உப்புக் குவியல் (முழு வெள்ளை 255 என்றால்) 240-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஹைலைட்ஸைக் கழித்தல் 100-க்கு இழுத்தால் அது சாம்பலாகிவிடுகிறது. பாத்தியில் தேங்கிய நீரில் தெரியும் வானம், மேலே இருக்கும் வானத்தைவிடச் சற்றுக் கறுத்தே இருக்கும். வந்த ஒளியில் ஒரு பங்கு நீருக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். பாத்தியின் வானம் மேல்வானத்தைவிடப் பளிச்சென்று இருந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாத வாசகருக்கும் படம் உறுத்தும். சூரியனே சட்டகத்துக்குள் இருந்தால் அதன் வட்டத்தை மீட்க முயலாதீர்கள். மூன்று நிறங்களும் ஒரே அளவில் வெளுப்பதில்லை என்பதால், மீட்க முயன்றால் சூரியனைச் சுற்றி மஞ்சளும் ஊதாவுமாக வளையம் விழும். சூரியன் வெளுத்துத்தான் இருக்கட்டும். கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேரே பார்க்கவும் கூடாது.

தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்று எங்கள் மக்கள் பிரித்துச் சொல்வதற்குக் கண்ணெதிரே காரணம் இருக்கிறது. கச்சான் காலத்தில் ஆண்கடல் பொங்கி நுரைத்துக் கறுநீலமாக நிற்க, பெண்கடல் வெளிறிய பச்சையில் அசையாமல் கிடக்கும். வாடைக் காலத்தில் பெண்கடல் கலங்கி மண்ணிறமாகும். ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்று இரண்டு கடல்களைப் பார்க்கலாம் என்பதே அந்த முனையின் சிறப்பு. சாச்சுரேஷனை ஏற்றிய படங்களில் இரண்டும் ஒரே பச்சைநீலம். பார்க்க வந்ததையே அழித்துவிட்டு எதைப் படம் எடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தனுஷ்கோடியைப் பேய் நகரமாகக் காட்டும் பழக்கமும் எங்களை வருத்துகிறது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலும் கடலும் ஊரைக் கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு போனது. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் இந்தத் தீவில் இருக்கின்றன. தெளிந்த வானத்தின் கீழ் எடுத்த படத்தில் வேறெங்கோ எடுத்த கருமேகத்தை ஒட்டி, பவளப்பாறைக் கல்லை ஆரஞ்சு நிறமாக்கி, நான்கு மூலையையும் இருட்டாக்கித் தருவது அந்த இடத்துக்குச் செய்யும் மரியாதை அல்ல. அந்தக் கல்லின் நிறம் வெளிறிய சாம்பல் கலந்த மஞ்சள். மழையும் உப்பும் பட்ட இடத்தில் கறுப்பு. துளைத்துளையான அதன் மேற்பரப்பைக் காட்ட, காலைச் சாய்வெயிலைவிடச் சிறந்த மென்பொருள் கிடையாது.

மனிதர்களுக்கும் இதே நீதி. கிளாரிட்டியைக் கூட்டினால் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்திலும் கறுப்பு இறங்கி, தோல் அழுக்குப் படிந்ததாகத் தெரியும். வலை இழுக்கும் மீனவரையும் உப்பளத்தில் பலகை தள்ளும் பெண்ணையும் அப்படிக் காட்டிவிட்டு, உழைப்பின் வலி என்று கீழே எழுதுகிறார்கள். அவர்கள் அப்படி இருப்பதில்லை. முகத்தை மட்டும் நடு எக்ஸ்போஷர் படத்திலிருந்து எடுத்து மாஸ்க் வையுங்கள். கிளாரிட்டியை அங்கே சுழியம் ஆக்குங்கள்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு: இன்றைய கைபேசி ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தானே பல படங்களை எடுத்து இணைத்துத்தான் தருகிறது. அதன் மேல் இன்னொரு எச்.டி.ஆர். ஃபில்டர் போட்டால் வெந்த சோற்றை மறுபடி உலையில் போட்ட கணக்குத்தான். மேகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்து எடுங்கள். வெயிலில் நின்றுகொண்டு திருத்தாதீர்கள். திரை மங்கலாகத் தெரிவதால் கை தானாக எல்லாவற்றையும் கூட்டும். வீட்டுக்கு வந்து, திரையின் வெளிச்சத்தைப் பாதியில் வைத்துத் திருத்தி, திருத்தாத படத்தைப் பக்கத்தில் வைத்து மறுநாள் பாருங்கள்.

தங்களிடம் சில வேண்டுகோள்கள். செய்தித்தாளில் மை பரவும்; நிழல் அடைபடும்; திரையில் மின்னும் பச்சைநீலம் நான்கு நிற அச்சில் வரவே வராது, தட்டையான திட்டாகத்தான் விழும். சொரசொரப்பு ஏற்றிய படம் அச்சில் இன்னும் கறுத்துப்போகும். ஆக, மிகைப்படுத்திய படத்தால் முதலில் பாதிக்கப்படுவது தங்கள் பக்கம்தான். வாசகர் படங்களைக் கேட்கும்போது, திருத்திய படத்தோடு திருத்தாத நடு எக்ஸ்போஷர் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தங்கள் பிரிவினருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடும். பல படங்களை இணைத்தது என்றால் படக்குறிப்பில் அப்படியே குறிப்பிடுங்கள். வானத்தை மாற்றி ஒட்டிய படங்களைச் செய்திப் பக்கத்தில் ஏற்காதீர்கள். பள்ளி, கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் இப்போது கேமராவோடு கடற்கரைக்கு வருகிறார்கள். தங்கள் பக்கத்தில் எது அச்சாகிறதோ அதைப் பார்த்துத்தான் அவர்கள் பழகுகிறார்கள்.

இப்படிக்கு,
கடற்கரைப் புகைப்படக்காரர்கள் சிலர்,
பாம்பன், மண்டபம், கீழக்கரை,
இராமநாதபுரம் மாவட்டம்.